இழுத்தா வருது, விட்டா போக மாட்டேங்குது

கேள்வி: ரெண்டு பேர் ஓட்டுற சின்ன ரேஸ் போட் எங்களோடது. காத்து கூடிச்சுன்னா மெயின்ஷீட்ட (பெரிய பாயை உள்ள இழுக்க, வெளிய விட உதவுற கயிறு) கேம் கிளீட் (கயித்த ரெண்டு பல்லால கவ்விப் பிடிக்கிற பிடி) விடவே மாட்டேங்குது, போன ரேஸ்ல அதனாலயே கவுந்தோம். கிளீட்ட மாத்திடவா?

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்க. பாதி பேர் பண்ற தப்பு, கயித்த அப்படியே மேல வெட்டி இழுக்கறது. லோடு ஏற ஏற அந்த ரெண்டு பல்லும் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அதோட வேலையே அதான். முதல்ல ரெண்டு இன்ச் உங்க பக்கம் இழுங்க, பல்லு தளர்ற அந்த நொடியில மேல தூக்குங்க, டக்குனு வந்துரும்.

அப்பவும் வரலைன்னா கிளீட்டோட உயரத்தப் பாருங்க. போட் சாயாம இருக்க விளிம்புக்கு வெளிய தொங்கிட்டு உக்காரும்போது உங்க கை கீழ இருக்கும், இழுக்க இழுக்க கயிறு பல்லுக்குள்ளதான் அழுந்தும், எங்கேருந்து மேல தூக்கறது? கரையில நல்லா இருக்கிற கிளீட் தண்ணியில மக்கர் பண்றது இதனாலதான். போட்ட முட்டுக் கொடுத்து நிறுத்தி, ஒருத்தர பூமை (பாயோட அடிப்பக்கத்துல இருக்கிற கட்டை) இழுத்துப் பிடிக்கச் சொல்லிட்டு, தொங்குற மாதிரியே உக்காந்து விட்டுப் பாருங்க, சிக்குச்சுன்னா கிளீட்ட கொஞ்சம் கீழ சாய்ச்சு வைங்க.

ராட்செட் கப்பியையும் (ஒரு பக்கம் மட்டும் சுத்துற கப்பி, மெயின்ஷீட் இது வழியாத்தான் வரும்) ஒரு தடவை பாத்துடுங்க. இழுக்கும்போது டிக்டிக்னு சுத்தணும், விடும்போது பிடிச்சு நிக்கணும். கயித்த தலைகீழா கோத்திருந்தா இழுக்கத்தான் கஷ்டமா இருக்கும், விட்டா சர்ருனு ஓடும். காத்து கம்மியா இருக்கிற நாள்ல கப்பியில இருக்கிற ராட்செட் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா பூம் தானா வெளிய போகாது. உப்பும் மணலும் சேர்ந்திருந்தா நல்ல தண்ணியில கழுவினா போதும், கிரீஸ் மட்டும் வேணாம், மணல் எல்லாம் அதுல போய் ஒட்டிக்கும்.

ரேஸ் நடுவுல காத்துக்கு எதிரா போகும்போது சிக்குச்சுன்னா கயித்தோட மல்லுக்கட்டாதீங்க, போட்டோட மூக்க காத்துக்கு நேரா திருப்புங்க, பாய் படபடன்னு அடிச்சதும் லோடு போயிடும்.

கேள்வி: மெயின்ஷீட் எப்பவும் முறுக்கிக்கிட்டு கப்பியில சிக்குது. புதுக் கயிறுதான்.

பதில்: முழங்கையில சுத்தி சுத்தி எடுத்து வைக்கிறீங்களா? ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும். கயித்த மொத்தமா கழட்டி, முடிச்ச அவுத்துட்டு, ஒரு முனைய மட்டும் கட்டி ஓடுற போட்டுக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் இழுத்துட்டுப் போங்க, முறுக்கு தானா பிரிஞ்சுடும். திரும்பக் கோத்ததும் கயிறு கப்பிய விட்டு உருவிடாம இருக்க, முனையில 8 வடிவ முடிச்சு போட மறந்துடாதீங்க, நான் ஒரு தடவை மறந்து, கயிறு முழுசா உருவிட்டுப் போய் பூம் பின்னாடி ஆடிக்கிட்டு இருந்துச்சு.

கேள்வி: ஹேலியார்டு (பாயை ஏத்தி இறக்குற கயிறு) மேல மாட்டிக்கிச்சு, பாய் இறங்கல. பாய்மரத்துல ஏறலாமா?

பதில்: வேணவே வேணாம், சின்ன போட் அப்படியே சாய்ஞ்சுடும். கரைக்கு வந்து நீங்களே போட்ட பக்கவாட்டுல படுக்க வைங்க, மர உச்சி கைக்கு வந்துடும். கயிறு உச்சியில இருக்கிற கப்பிச் சக்கரத்த விட்டு நழுவி பக்கத் தகட்டு இடுக்குல சொருகி நிக்கும். எதிர்ப்பக்கமா மெதுவா உருவுங்க, ஸ்க்ரூடிரைவரால நெம்பினா கயித்தோட உறை கிழிஞ்சுடும்.