ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டு ஒழுங்கை எப்படிப் பழக்குவது?

மணி அடித்ததும் தட்டோடு ஓடுகிறார்கள், வரிசையில் இடிக்கிறார்கள், பாதிச் சோற்றைச் சிந்துகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பயனில்லை. செய்து காட்டத்தான் வேண்டும்.

முதலில், ஏன் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். சத்துணவு போடும் பள்ளிகளில் பெரும்பாலும் அது குறும்பல்ல, முட்டை தீர்ந்துவிடுமோ என்ற பயம். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளைச் சமையலறை வாசலுக்கு அழைத்துப்போய், அவித்த முட்டைகளை எண்ணச் சொன்னேன். முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு முட்டை. அவர்களே வந்து மற்றவர்களிடம் சொன்னார்கள். இடிப்பது பாதியாகக் குறைந்தது.

அடுத்து, ஜூன் முதல் வாரத்தில் வெறும் தட்டை வைத்து ஒத்திகை நடத்துங்கள். தட்டை இரண்டு கையாலும் பிடிப்பது, சாம்பார் ஊற்றும்வரை அசையாமல் நிற்பது, சுவரோரம் போய்ச் சம்மணமிட்டு உட்காருவது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. கை கழுவும்போது ஒன்று முதல் இருபது வரை சத்தமாக எண்ணட்டும். சோப்பும் கையில் நிற்கும், கணக்கும் வந்துவிடும்.

சோறு வீணாவதைத் தடுக்க, முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடியும் போடச் சொல்லுங்கள். ‘போதும்’, ‘இன்னும் கொஞ்சம்’ என்று வாய்திறந்து சொல்லப் பழக்குவது முக்கியம். கூச்சப்படும் பிள்ளைதான் அதிகம் மிச்சம் வைக்கும்.

சிந்தினால் திட்டாதீர்கள். துணியைக் கையில் கொடுங்கள், துடைக்கட்டும். முடிந்தால் நீங்களும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.