சாப்பர் தாத்தாவின் ராணுவப் பதிவைத் தேட புரோக்கர் எதற்கு?

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார், பர்மாவில் பாலம் கட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள். 1946-இல் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தார். 1971-இல் இறந்துவிட்டார். பிறந்தது சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம், வாழ்ந்தது நகரியில். ஒரு பதக்கமும் ஒரு போட்டோவும்தான் எங்களிடம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து முழு ஃபைலையும் எடுத்து, பிரிட்டிஷ் பென்ஷன் பாக்கியும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 15,000 ரூபாயும் ஒரிஜினல் பதக்கமும் கேட்கிறார். கொடுக்கலாமா? ஆந்திரா பிரிந்தபோது ஃபைல் ஹைதராபாத் போய்விட்டதாகவும் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், பதக்கம் போனால் திரும்ப வராது. பழைய பதக்கங்களை வாங்கி விற்க ஒரு சந்தையே இருக்கிறது. "ஒரிஜினல் வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் முக்கால்வாசி அதற்காகத்தான். ராணுவ அலுவலகம் எதுவும் பதிவு தேட உங்களிடம் பதக்கம் கேட்காது.

பென்ஷன் பாக்கி என்பதும் பொய். போருக்காக எடுக்கப்பட்டு 1946-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பென்ஷனே கிடையாது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குச் சாதாரணப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருட சர்வீஸ் வேண்டும். பேரன்களுக்கென்று லண்டனில் யாரும் பணம் எடுத்து வைத்திருக்கவில்லை. பாட்டி இருந்தால் மட்டும் சித்தூர் ஜில்லா சைனிக் அலுவலகத்துக்கு (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) நேரில் போய், உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகையைப் பற்றிக் கேளுங்கள். அங்கேயும் வாசலில் நிற்கிற ஆளிடம் பேச வேண்டாம், உள்ளே போய்ப் பேசுங்கள்.

ஃபைல் ஹைதராபாத் போகவில்லை. சிப்பாயின் பதிவு அவருடைய மாநிலத்தோடு போவதில்லை, அவருடைய ரெஜிமென்ட்டோடு இருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். அதன் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது.

அங்கே எழுதுமுன் வீட்டில் தேட வேண்டியது அவருடைய ராணுவ எண். பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலவற்றில் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். டிஸ்சார்ஜ் சான்றிதழ், மணியார்டர் துண்டு, போட்டோவின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டத்தை வைத்துத்தான் தேட முடியும். இதில்தான் எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. சத்தியவேடு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமானது அதுதான். உங்கள் தாத்தா சேர்ந்த காலத்தில் சத்தியவேடு சித்தூர் மாவட்டத்தில் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நடந்த எல்லை மாற்றத்தில்தான் ஆந்திராவுக்குப் போனது. அதே நாளில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தன. ஆக, சத்தியவேட்டுக்காரர் பதிவில் 'செங்கல்பட்டு' என்று இருக்கும், பொதட்டூர்பேட்டைக்காரர் பதிவில் 'சித்தூர்' என்று இருக்கும். இன்றைய ஆதாரைப் பார்த்து மாவட்டம் எழுதினால், "அப்படி ஒருவர் இல்லை" என்று இரண்டே வரியில் பதில் வரும். குமாஸ்தா மாற்றித் தேடிப் பார்க்கமாட்டார், நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறந்த ஊர், அன்றைய மாவட்டம் செங்கல்பட்டு, இன்றைய மாவட்டம், சேரும்போது நகரியில் குடியிருந்திருந்தால் அன்றைய மாவட்டம் சித்தூர், எல்லாவற்றுக்கும் மேல் மெட்ராஸ் மாகாணம். அத்தனையும் கடிதத்தில் இருக்கட்டும்.

பெயரிலும் இதே தகராறு உண்டு. அந்தப் பக்கத்துச் சான்றிதழ்களில் வீட்டுப்பெயர் முன்னால் வந்து நிற்கும். 1942-இல் ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் ஒற்றைப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். முனுசாமியை மூன்று விதமாக எழுதலாம், மூன்றையும் கொடுங்கள். அங்க அடையாளம் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள், படையில் ஆள் சேர்க்கும்போது அதைக் குறித்துக்கொள்வது வழக்கம். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், ஆந்திர அரசின் சேவை மையமான மீசேவாவில் வாங்கிய குடும்ப உறுப்பினர் சான்றிதழ், இரண்டின் நகலையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் மேல்முறையீடு.

வரக்கூடிய பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்து அழித்துவிடலாம் என்று ராணுவ விதி இருக்கிறது. உங்கள் தாத்தாவின் ஷீட் ரோல் எனப்படும் பணித்தாள் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கும். நாட்டுக்கு வெளியே போய்க் கண்ணிவெடி எடுத்தவனின் தாள் 25 வருடத்துக்கு மேல் பாரமாகிவிடுகிறது என்றால் எனக்குக் கோபம் வருகிறது. போரில் இறந்தவர்களின் பெயரையாவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவருக்கு அந்த வசதியும் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஆவணத்தை அழித்தாலும் 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேட்டை வைத்திருப்பார்கள். "லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும்" என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "தகவல் தரவும்" என்று எழுதினால் தரமாட்டார்கள். அதில் சில வரிகள்தான் இருக்கும், அவையே போதும்.

பர்மா பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1944 டிசம்பரில் கலேவாவில் சின்ட்வின் ஆற்றின் மேல் போட்ட 1,154 அடி மிதவைப் பாலத்தைக் காட்டி, இதுதான் உங்கள் தாத்தா கட்டியது என்று புரோக்கர்கள் படம் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். பர்மாவில் பாலம் போடாத சாப்பர் கம்பெனி (படைப்பிரிவு) அபூர்வம். எந்தப் பாலம் என்று தெரிய கம்பெனி எண் வேண்டும். அது கிடைத்த பிறகு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 (WO 172) என்ற ஆவண வரிசையில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். அதில் அதிகாரிகளின் பெயர்தான் வரும், சிப்பாயின் பெயர் வருவது அரிது. ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றங்கரையில் கம்பெனி இருந்தது என்று தெரியும். கம்பெனி எண் கையில் வரும்வரை அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.