ராத்திரி வெடி, சினைமாடு, சி.எஸ்.ஆர். ரசீது

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமம். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுகுத்து, பிறந்தநாள், துக்கம் எதுவானாலும் தெருவில் சரம் கொளுத்துகிறார்கள். போன மாதம் இரவு 11 மணிக்கு வெடித்ததில் எங்கள் எட்டு மாதச் சினைமாடு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வாய்க்காலில் விழுந்தது. கன்று செத்துப் பிறந்தது. அம்மாவுக்கு வீசிங், புகையில் இரண்டு நாள் படுத்துவிட்டார். கேட்டால், "வெடிக்கத் தடையா இருக்கு?" என்கிறார்கள்.

பதில்: இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமுள்ள வெடி வெடிக்கக் கூடாது. கல்யாண வீடு, சாவு வீடு என்று விலக்கு எதுவும் கிடையாது. அமைதி மண்டலம் என்று அரசு அறிவித்திருந்தால், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் பகலிலும் கூடாது. சரவெடி கதை வேறு. அதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தடை செய்துவிட்டது. பகல் 12 மணிக்குக் கொளுத்தினாலும் தவறுதான்.

அடுத்த முறை வெடிக்கும்போதே 100-க்குப் போன் செய்யுங்கள். நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். மறுநாள் ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். "பேசித் தீர்த்துக்கங்க" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, ரசீதையும் கேளுங்கள்.

மாட்டு விஷயம்தான் சிக்கல். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், அந்தக் காசுக்கு இன்று ஒரு சரம்கூட வராது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் மாட்டுக்குக் கேடு வரும் என்று தெரிந்தே வெடித்தார்கள் என நிரூபிக்க வேண்டும். உங்கள் வழக்கில் அது கஷ்டம்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால், கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போவேன். சினை ஊசி போட்ட அட்டையும், வைத்தியம் பார்த்த அரசு கால்நடை டாக்டரின் சான்றும் கையில் இருக்கட்டும். சென்ற ஈத்தில் எவ்வளவு பால் ஊற்றினீர்கள் என்பதற்குப் பால் சொசைட்டி அட்டை பேசும். அறுந்த கயிற்றைத் தூக்கிப் போட்டிருந்தால் இப்போதே தேடி எடுங்கள். மிரண்டு ஓடியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

புகைக்கு அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து, கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவின் கீழ் மனு கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்று அசையாத இரவில் வெடிப்புகை மேலே போகாமல் திண்ணை உயரத்திலேயே நிற்கும். இதை மனுவில் எழுதுங்கள். பொது இடத்தில் தொல்லையை நிறுத்தச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். மீறினால் அது தனிக் குற்றம்.

ஒன்று மட்டும் கேளுங்கள். அந்த வீட்டில் துக்கம் என்றால், பிணம் கிடக்கும் நேரத்தில் போலீசோடு போய் நிற்காதீர்கள். ஊரே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும், சாட்சிக்கு ஒருவரும் வர மாட்டார். வீடியோ போதும். பதினாறு முடிந்த பிறகு மனுவை எடுங்கள்.