திறந்து பார்க்க முடிகிற லேப்டாப் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லெனோவோ கம்பெனியின் பழைய திங்க்பேட் லேப்டாப்பைப் பிரித்து மாட்டுவது பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். இதில் பணம் மிச்சமாகிறதா, இல்லை வெறும் பொழுதுபோக்கா? என் மகளின் லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறது. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

பொழுதுபோக்குதான், சந்தேகமே வேண்டாம். ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), பேட்டரி என்று வாங்கிப் போட்டதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்கே தைரியம் இல்லை.

என்னுடையது 2018இல் வந்த திங்க்பேட் டி480. அதில் பேட்டரி இரண்டு: ஒன்று உள்ளே, மற்றது பின்பக்கம். லேப்டாப் ஓடும்போதே பின்பக்கத்ததை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். உள்ளே இருப்பது அதுவரை தாங்கும். அடிமூடி ஸ்க்ரூக்களைத் தளர்த்தினாலும் கீழே விழாமல் மூடியிலேயே நிற்கும். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதில்லை. ராமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘டிக்’கென்று பிடிக்கும். அந்த டிக்குக்காகத்தான் இத்தனை பாடும் என்பார் என் மனைவி. லெனோவோ சொல்வது 32 ஜிபி வரை. 64 போட்டாலும் ஓடுகிறது. எந்த ஸ்க்ரூ எங்கே என்பதுவரை படம் போட்ட சர்வீஸ் மேனுவலை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள்.

அடுத்த வருடம் டி490 வந்தது. பின்பக்க பேட்டரி போயிற்று. இரண்டு ராம் ஸ்லாட்டில் ஒன்றுதான் மிஞ்சியது. மற்ற ராமை மதர்போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் வைத்துவிட்டார்கள். மெல்லிய லேப்டாப்புகளில் சால்டர் வைக்கும் எல்பிடிடிஆர் வகை ராம் கரண்டைக் குறைவாகத்தான் தின்னும், அதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் கம்பெனி 2021இலிருந்து மதர்போர்டு வரை நாமே மாற்றக்கூடிய மெல்லிய லேப்டாப்பை விற்கிறதே! கழற்றிய பழைய போர்டைத் தனிக் கம்ப்யூட்டராகவும் ஓட்டலாம். அதனால் ‘மெல்லிசாக இருக்க வேண்டுமே’ என்ற சாக்கை நான் அரைமனதோடுதான் ஏற்பேன்.

மகளின் லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹெச்டிடியா (சுழலும் தட்டுள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க்) என்று பாருங்கள். ஹெச்டிடி என்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை மகள் கையிலேயே கொடுங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வைஃபை கார்டின் ஆன்டெனா வயர் பக்கம் மட்டும் போக வேண்டாம். முனை கடுகளவுதான், ஒடிந்தால் கடைக்காரரிடமே திரும்பப் போக வேண்டியிருக்கும்.