பையில ஒரு பேனாக்கத்தி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் ரூம் எடுத்து தங்கி வேலைக்குப் போயிட்டு இருக்கேன், பேன்ட் பாக்கெட்ல எப்பவும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். பால் பாக்கெட், பிரெட் கவர், ஊறுகாய் பாக்கெட்னு எல்லாம் அதுலதான் பிரிப்பேன், கூரியர்ல வர்ற டப்பாவுக்கும் அதேதான். கூட இருக்கிற பையன் "இந்தக் கத்தி பட்ட எதையும் நான் தொட மாட்டேன்"ங்கிறான். ஓவரா பண்றானா? (வாசகர், சென்னை)

பதில்: இல்ல தம்பி, அவர் சொல்றது சரிதான். கூரியர் டேப்பை வெட்டினதும் பிளேடை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கூருக்கு கொஞ்சம் மேல கருப்பா ஒரு கோடு தெரியும், அது டேப்ல இருந்த பசை, அட்டைத்தூசியும் உங்க பாக்கெட் பஞ்சும் அதுல ஒட்டியிருக்கும். கழுவாம அப்படியே பால் பாக்கெட்ல விட்டா அது எங்க போகும்? தண்ணியில மட்டும் கழுவினா அந்தப் பசை போகாது, துணியில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு முதுகுப் பக்கத்துல இருந்து கூர்ப் பக்கமா துடைச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க.

பிளேடாவது கண்ணுக்குத் தெரியுது, மூட்டு தெரியாது. மாம்பழம் வெட்டிட்டு மேலோட்டமா துடைச்சு மடக்கி வச்சா சாறு அந்த இடுக்குல இறங்கிடும், மூணு நாள் கழிச்சுத் திறந்தா புளிச்ச வாடை அடிக்கும். அதனால வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான சோப்புத்தண்ணியில முக்கி, தண்ணிக்குள்ளயே பத்து தடவை திறந்து மூடுங்க, பழைய டூத் பிரஷ்ஷால இடுக்கைத் தேய்ங்க, நல்லா உதறி, திறந்தபடியே ஃபேனுக்கு அடியில காய விடுங்க. காய்ஞ்சதும் மூட்டுல ஒரே ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின், மருந்துக்கடையில கிடைக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி அழுக்கை இழுத்து வச்சுக்கும்.

ரெண்டு பிளேடு இருக்கிற கத்தின்னா பெரிசு சாப்பாட்டுக்கு, சின்னது டேப்புக்குன்னு பிரிச்சுடுங்க, நான் பல வருஷமா இப்படித்தான் வச்சிருக்கேன். இன்னொண்ணு, பால் பாக்கெட் மூலையை முழுசா அறுத்து எடுக்காதீங்க, ஒரு கீறல் போட்டு அந்தத் துண்டு கவர்லயே தொங்குற மாதிரி விடுங்க. தனியா விழுற அந்த குட்டி பிளாஸ்டிக் யார் கையிலயும் சிக்காம சாக்கடைக்குத்தான் போகுது, கவரோட இருந்தா பழைய பால் கவர் எடுக்கிறவங்ககிட்ட போய்ச் சேரும்.

கேள்வி: ஸ்விஸ் கத்தி ஒண்ணு கிஃப்டா வந்துச்சு சார், அதுல இருக்கிற டின் ஓப்பனரை எப்படி பிடிக்கிறதுன்னே தெரியல. பிளேடாலயே குத்தித் திறக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம்மா. இந்த மாதிரி கத்திகள்ல நிறைய மாடலுக்கு லாக் கிடையாது, பின்னாடி ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் பிளேடைப் பிடிச்சிருக்கு. முனையால குத்தும்போது கொஞ்சம் கோணினா பிளேடு விரல் மேலயே மடங்கும். நான் ஒரு தடவை பாயசத்துக்கு கண்டென்ஸ்டு மில்க் டின்னை அவசரத்துல அப்படிக் குத்தி, ஆள்காட்டி விரல்ல ரெண்டு தையல் போட்டுக்கிட்டு வந்தேன், மழைக்காலத்துல இன்னும் அந்த இடம் விறுவிறுன்னு இழுக்கும்.

உங்க கத்தி விக்டரினாக்ஸ் கம்பெனியோடதுன்னா ஓப்பனர்ல இருக்கிற கொக்கியை டின் விளிம்புக்கு அடியில மாட்டி கைப்பிடியை மேல தூக்குங்க, முனை தகட்டுல இறங்கும், அப்படியே கொஞ்சம் கொஞ்சமா முன்னால நகர்த்திக்கிட்டே போகணும். இந்தக் கத்தி பிறந்ததே இதுக்காகத்தாம்மா. ஸ்விஸ் ராணுவத்துக்கு சிப்பாய்ங்க டின் சாப்பாடு திறக்கணும், துப்பாக்கியைக் கழட்டி மாட்டணும், அதுக்குத்தான் பிளேடு, ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர், ஓட்டை போடுற ஊசி நாலும் ஒரே பிடிக்குள்ள வந்துச்சு. ஸ்விட்சர்லாந்துல இபாக் ஊர்ல கத்திப் பட்டறை வச்சிருந்த கார்ல் எல்சனர் 1891ல ராணுவத்துக்கு இதைச் செஞ்சு கொடுத்தார், அம்மா விக்டோரியா பேரோட துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கிற இனாக்ஸைச் சேர்த்து விக்டரினாக்ஸ்ங்கிற கம்பெனி பேர் பின்னால வந்துச்சு.

லாக் வேணும்னா பிரான்ஸ்ல செய்யற ஓபினல் பாருங்க, மரப்பிடி, கழுத்துல ஒரு வளையம், அதைத் திருப்பினா பிளேடு மடங்காது. அந்த வளையம் 1955ல வந்தது.

கேள்வி: ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போகலாமா? (வாசகர், கோவை)

பதில்: கையில எடுத்துட்டுப் போற பையில கூடாது, செக்யூரிட்டியில வாங்கிடுவாங்க. செக்-இன் பெட்டியில போடுங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரியே சாவிக்கொத்தைப் பாருங்க, அதுல மாட்டியிருக்கிற குட்டிக் கத்திதான் மறந்துபோகும்.

கேள்வி: பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? ஏன் பேனாக்கத்தின்னு சொல்றோம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ரொம்ப நாளா இந்தக் கேள்வி யாராவது கேப்பாங்களான்னு இருந்தேன். ஐரோப்பாவுல வாத்து இறகால எழுதின காலத்துல முனை மழுங்க மழுங்க சீவிக்கிட்டே இருக்கணும், அதுக்காக வச்சிருந்த குட்டிக் கத்தி அது. இறகு போயிடுச்சு, பேர் நின்னுடுச்சு. ஆனா நம்ம ஊர்லயும் எழுதுறவங்க கையில கத்தி இருந்திருக்குங்க. மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு, ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை நறுக்குற கத்தி, ரெண்டும் பிடிக்குள்ள மடங்கிக்கும். உங்க வீட்டுப் பரண்ல பழைய சுவடிக் கட்டோட அப்படி ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடந்தா தயவுசெஞ்சு பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க, சாணையும் பிடிக்காதீங்க, காய்ஞ்ச துணியில சுத்தி வச்சுட்டு எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க.