ஸ்கோடா வி.ஆர்.எஸ். எஸ்டேட்: டீலர் சொல்லும் 40 எம்பிஜியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மில்டன் கீன்ஸில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். இப்போதுள்ள கார் சின்னது, குடும்பமாக எங்கும் கிளம்பினால் சாமான் வைக்க இடமில்லை. 2022இல் பதிவான ஸ்கோடா ஆக்டேவியாவின் வேக ரகமான வி.ஆர்.எஸ்., அதில் பெரிய டிக்கி உள்ள எஸ்டேட், 2 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், 22,500 பவுண்டுக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அதே வருடத்து 1.5 லிட்டர் எஸ்டேட் 19,000க்குக் கிடைக்கிறது. வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுவேன். அதில் 9,000 மைல் எம்1 மோட்டார்வேயில் வேலைக்குப் போய்வருவது. மீதி பள்ளிக்கூடம், கடை, நீச்சல் வகுப்பு என்று எல்லாமே பக்கத்து ஓட்டம். 40 எம்பிஜி, அதாவது கேலனுக்கு 40 மைல் தரும் என்கிறார் டீலர். பெட்ரோல் போட்டே கடனாளி ஆவாய் என்கிறார் மைத்துனர். சார்ஜ் போட்டு மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட் எடுக்கலாமே என்பது மனைவியின் யோசனை, ஆனால் எங்களுடையது வரிசை வீடு, காரைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். பிசிபியில் (மாதத் தவணை கட்டி, முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது ஒரு கடைசித் தொகை கட்டி வைத்துக்கொள்ளலாம்) 4 வருடத்துக்கு, வருடம் 8,000 மைல் வரம்பு என்று கோட் (விலைக் கணக்கு) தந்திருக்கிறார்கள். வாங்கலாமா?

— வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: டீலர் சொல்லும் 40 அவர் கற்பனை அல்ல. டபிள்யூஎல்டிபி என்ற அதிகாரபூர்வ எரிபொருள் சோதனையில் இந்தக் காருக்கு ஏறத்தாழ அந்த எண்தான் வந்தது. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் காரை நிறுத்தி, அரை மணி நேரம், 23 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிப் பார்ப்பது. சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர்தான். ஏசி ஓடாது, எதிர்க்காற்று இருக்காது, பின்சீட்டில் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள். 2017 வரை இருந்த பழைய சோதனையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் காலைப் பயணத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் எரிபொருள் செலவைப் பதிவுசெய்யும் கருவி கட்டாயம். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது. 2021இல் பதிவான பெட்ரோல் கார்கள் சோதனை எண்ணைவிட நிஜத்தில் சுமார் 24 சதவீதம் கூடுதலாகக் குடித்திருக்கின்றன. உங்கள் 40ஐ அந்தக் கணக்கில் போட்டால் 32 சொச்சம் வருகிறது. அது எல்லா வகைக் கார்களுக்குமான சராசரி. உங்கள் ஓட்டத்தில் முக்கால் பங்கு மோட்டார்வே என்பதால் கொஞ்சம் மேலே எதிர்பார்க்கலாம்.

நான் இப்படிக் கணக்குப் போடுவேன். எம்1இல் 70 மைல் வேகத்தில் சீராகப் போனால் 38. பள்ளிக்கூடம், கடைக்கு 25. இந்த 25ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், பக்கத்து ஓட்டத்தில் 245 குதிரைசக்தி டர்போ எஞ்சின் அப்படித்தான் இருக்கும். எஞ்சின் சூடேறுவதற்குள் கடை வந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். ஜனவரி மாதத்தில் இது இன்னும் மோசமாகும்.

இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு 357 கேலன், அதாவது 1,620 லிட்டர் சொச்சம். சராசரி 33.6 எம்பிஜி, நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். லிட்டர் 140 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 2,270 பவுண்டு. டீலர் சொன்ன 40 அப்படியே கிடைத்திருந்தால் 1,910 ஆகியிருக்கும். வருடத்துக்கு 360 பவுண்டு வித்தியாசம். மைத்துனர் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து ஓட்டம் உங்கள் தூரத்தில் கால் பங்குதான், ஆனால் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. எம்பிஜி என்ற அளவு இந்த மாதிரி விஷயங்களை மறைத்துவிடும். 12,000 மைலுக்கு 25லிருந்து 30க்கு ஏறினால் 80 கேலன் மிச்சம். 40லிருந்து 50க்கு ஏறினால் 60 கேலன்தான் மிச்சம். ஐந்து கூடினால் கிடைக்கும் லாபம் பத்து கூடினால் கிடைக்கவில்லை! அதனால் கார்களை ஒப்பிடும்போது எம்பிஜியை விட்டுவிட்டு, வருடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பவுண்டு என்று பாருங்கள்.

சரி, 1.5 லிட்டர் கார்? அதே உடம்பு, டிக்கியும் அதே 640 லிட்டர். மோட்டார்வேயில் 48, பக்கத்து ஓட்டத்தில் 35 என்று வைத்தால் வருடத்துக்கு 1,740 பவுண்டு. வி.ஆர்.எஸ். காருக்குக் கூடுதல் செலவு 530, மாதம் 44 பவுண்டு. (2025-26 கணக்குப்படி 140 பென்ஸில் 52.95 பென்ஸ் எரிபொருள் தீர்வை, விலையில் ஆறில் ஒரு பங்கு வாட். ஆக அந்த 530இல் பாதிக்கு மேல் அரசுக்குத்தான் போகிறது.) பெட்ரோல் விலை நம் கையில் இல்லை. 2022 ஜூலையில் சராசரி விலையே 191 பென்ஸைத் தொட்டது. அந்த விலை திரும்ப வந்தால் வி.ஆர்.எஸ். காருக்கு வருடம் 3,100 பவுண்டு வேண்டும். உங்கள் குடும்ப பட்ஜெட் அதைத் தாங்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேகம் உங்கள் கையில்தான். 70இல் இருந்து 80க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு மட்டும் 30 சதவீதம் கூடும். மேலே கூரைப்பெட்டி மாட்டினால் அது தனி. இந்தக் காரை வாங்குகிறவர்கள் 70இல் அடங்கி ஓட்டுவதற்காக வாங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். 38 கிடைக்கவில்லையே என்று பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

பிளக்-இன் ஹைபிரிட் பற்றி மனைவி நினைத்தது தர்க்கப்படி சரி. பக்கத்து ஓட்டத்தை மின்சாரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அதற்கு வீட்டிலேயே சார்ஜ் போடும் வசதி வேண்டும். அதே ஐரோப்பிய அறிக்கையில் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் நிஜக் கார்பன்-டை-ஆக்சைடு புகை சோதனை எண்ணைப்போல மூன்றரை மடங்கு. காரணம், பலர் ஒழுங்காகச் சார்ஜ் போடுவதில்லை. தெருவில் நிறுத்தும் உங்களுக்கு அது பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் காராகவே இருக்கும். டிக்கியும் 490 லிட்டராகச் சுருங்கும். வேண்டாம்.

இனி எனக்கு உண்மையில் உறுத்துவது. மைலேஜைப் பற்றி இவ்வளவு விசாரித்த நீங்கள், வருடம் 8,000 மைல் என்ற பிசிபி விலைக் கணக்கைக் கேள்வி கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டப்போவது 12,000. நான்கு வருடத்தில் 16,000 மைல் மீறுவீர்கள். ஒப்பந்தத்தில் மைலுக்கு 8 பென்ஸ் அபராதம் என்று இருந்தால், காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் 1,280 பவுண்டு கேட்பார்கள். கடைசித் தொகையைக் கட்டி நீங்களே வைத்துக்கொண்டால் இந்த அபராதம் இல்லை, ஆனால் அந்தத் தொகைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இன்றே தெரிந்திருக்க வேண்டும். மைல் வரம்பைக் குறைத்துக் காட்டினால் மாதத் தவணை அழகாகத் தெரியும். அது பழைய விற்பனைத் தந்திரம்.

கையெழுத்துக்கு முன் இன்சூரன்ஸ் கோட் எடுங்கள். இரண்டு கார்களின் நம்பரையும் போட்டு, மனைவியையும் ஓட்டுநராகச் சேர்த்து. சில குடும்பங்களில் இந்த வித்தியாசம் பெட்ரோல் வித்தியாசத்தையே தாண்டிவிடும். டயரும் விலை கூடிய அகல டயர். அப்புறம் சாலை வரி: புதிதாக விற்றபோது ஆப்ஷன்களோடு பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டியிருந்தால், இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடத்துக்குக் கூடுதல் வரி உண்டு, 2025-26இல் அது 425 பவுண்டு. 2022 கார் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். ஆனாலும் கேட்டு உறுதி செய்யுங்கள், நீங்கள் கொடுக்கும் விலையை அதற்குக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

வாங்கலாமா என்றால், பெட்ரோலை மட்டும் காரணம் காட்டி நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாதம் 44 பவுண்டு, ஆசைக்கு நியாயமான விலைதான். ஆனால் 3,500 பவுண்டு விலை வித்தியாசம், அதற்கான வட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேரும்போது அந்த 44 சுலபமாக நூறைத் தொடும். அந்த நூறு உங்களுக்குப் பெரிய தொகை என்றால் 1.5 லிட்டர் காரே போதும், பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது திரையில் நீண்டகால சராசரி மைலேஜ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் பழைய சொந்தக்காரரின் நிஜ எண் அங்கே இருக்கும். திரை வழக்கமாகக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும், ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு 12,000 மைலுக்கு மாற்றிய புது விலைக் கணக்கை எழுத்தில் வாங்கி, இரண்டு காருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள்.