ஆன் செய்தாலே ஸ்பீக்கர் அதிர்கிறதே?

கேள்வி: மகள் பாடிப் பழகச் மைக் ஒலியைச் சரிசெய்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்ன ஆடியோ மிக்ஸர் வாங்கினோம். ஆன் செய்தாலே ஸ்பீக்கர் 'டப்' என்று அதிர்கிறது. 'ம்ம்' என்ற இரைச்சல் வேறு. என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆன் செய்யும்போது முதலில் மிக்ஸர், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில். இருபது வருடமாகக் கச்சேரிகளுக்கு மைக் செட் பார்க்கிறேன். இந்த வரிசை மாறி ஸ்பீக்கருக்குள் கீச்சொலி தரும் ட்வீட்டர் கருகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரைச்சலா? மிக்ஸர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஷாக் அடிக்கலாம்; மகள் கையில் இருப்பது உலோக மைக், அம்மா!

அப்புறம், அவளை உச்ச ஸ்தாயியில் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் கெயினை, அதாவது மைக் ஒலியை உள்ளே பெருக்கும் திருகை, வையுங்கள். மிக்ஸரில் உள்ள 48 வோல்ட் பொத்தான், மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்குத்தான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிவிட்டு அதை அழுத்துங்கள்.